ஹியூமிடார் மூடி சரியாக உட்காரவில்லையா? கீல், டேப்பு, சிலிக்கான், பிளாஸ்டிக் டப்பா: எந்தப் பெட்டிக்கு எது

ஹியூமிடார், அதாவது சுருட்டை அளவான ஈரப்பதத்தில் வைக்கும் மரப்பெட்டி, வைத்திருப்பவர்கள் இரண்டு விதமாகப் புலம்புவார்கள். ஏசி அறையில் வைத்திருப்பவர், "ஈரப்பதப் பையை மாற்றி மாற்றி வைக்கிறேன், ஈரப்பதம் 58 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது" என்பார். சென்னை மாதிரி கடலோர ஊரில், ஏசி இல்லாத அறையில், ஐப்பசி கார்த்திகை மழையில் வைத்திருப்பவர், "உள்ளே எதுவுமே வைக்கவில்லை, தானாக 78 காட்டுகிறது, சுருட்டு மேலே வெள்ளையாக என்னவோ படிந்திருக்கிறது" என்பார். (அது பெரும்பாலும் பூசணம்தான், வேறு அழகான பெயர் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.) இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்கலாம்: மூடி சரியாக உட்காரவில்லை, வெளிக்காற்று உள்ளே போய்வருகிறது.

சரிசெய்ய ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஒருவர் டேப்பு ஒட்டு என்பார், ஒருவர் சிலிக்கான் பூசு என்பார், இன்னொருவர் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளாஸ்டிக் டப்பா வாங்கு என்பார். எல்லாமே ஏதோ ஒரு பெட்டிக்குச் சரியான பதில்தான். என் கட்சி என்னவென்றால், எங்கே கசிகிறது, எந்தத் திசையில் கசிகிறது என்று பார்க்காமல் எதையும் ஒட்டவும் கூடாது, பூசவும் கூடாது. மூடி விளிம்பில் டேப்பை ஒட்டிக்கொண்டிருப்பார்கள், கசிவு மேலே கண்ணாடி ஓரத்தில் இருக்கும்.

முதலில் இந்தப் பெட்டி எப்படி மூடுகிறது என்பதைப் பார்த்துவிடுவோம். குக்கர் மாதிரி இதற்கு ரப்பர் கேஸ்கெட் கிடையாது. பெட்டியின் உள்ளே அடித்திருக்கும் ஸ்பானிஷ் சீடர் பலகை வெளிச் சுவரைவிடச் சில மில்லிமீட்டர் உயரமாக நிற்கும். மூடியை இறக்கும்போது அந்த உள்விளிம்பு மூடியின் உள்பக்கத்தில் நெருக்கமாகப் போய் உட்காரும். காற்றைத் தடுப்பது அந்த நெருக்கம்தான். சீடர் நம் வேப்பமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாக விடும். ஈரம் ஏறினால் கொஞ்சம் உப்பும், மழைக்காலத்தில் வாசல் கதவு இறுகிக்கொள்கிறதே, அதேபோல. காய்ந்தால் சுருங்கும். அதனால் புதுப் பெட்டி கடையிலிருந்து வந்த அன்று லொடலொடவென்று இருப்பது பெரிய விஷயமே இல்லை.

திசை என்று சொன்னேன் அல்லவா, அதுதான் நம் ஊருக்கு முக்கியம். இந்த விஷயத்தில் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியது. டொராண்டோவில் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் ஈரப்பதம் 30-க்கும் கீழே போகும், அங்கே கசிவு என்றால் ஈரம் வெளியே ஓடுகிறது என்று பொருள். அதனால் "இன்னொரு பை சேர், இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடு" என்பது அங்கே ஓரளவு சரி. கடலோரத்தில் மழைக்காலத்தில் கசிவு என்றால் ஈரம் உள்ளே வருகிறது. அப்போது தண்ணீர் விட்டால் பூசணத்துக்கு நாமே விருந்து வைத்த மாதிரி. உள்ளே வேண்டியது 65 முதல் 70 சதவீதம். வெளியே இருப்பது அதைவிடக் கூடவா குறைச்சலா என்று முதலில் பாருங்கள். இருவழிப் பை (ஈரம் குறைந்தால் விட்டு, கூடினால் இழுத்துக்கொள்ளும் பொவேடா போன்றவை) வைத்திருந்தால் அதைத் தொட்டுப் பார்த்தாலே போதும்: காய்ந்து கெட்டியாகியிருந்தால் ஈரம் வெளியே போகிறது, புடைத்துத் தளதளவென்று இருந்தால் உள்ளே வருகிறது.

இனி சோதனை. முதல் சந்தேகம் ஹைக்ரோமீட்டர், அதாவது ஈரப்பதம் காட்டும் மீட்டர் மேல் வர வேண்டும். பெட்டியோடு வரும் முள் வைத்த பித்தளை மீட்டர் பலதும் அலங்காரத்துக்குத்தான், பத்து புள்ளி தவறாகக் காட்டினால்கூட ஆச்சரியப்படாதீர்கள். ஒரு சோடா பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சில சொட்டு தண்ணீர் விட்டு, ஈர மணல் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு முழுதாகக் கரையக் கூடாது. அதையும் மீட்டரையும் ஒரு ஜிப் பையில் போட்டு, உப்பு மீட்டரில் படாமல், ஓர் இரவு முழுக்க விடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் மீட்டர் 5 குறைத்துக் காட்டுகிறது, அவ்வளவுதான், அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம். பாதிப் புலம்பல் இங்கேயே தீர்ந்துவிடும்.

மீட்டர் சரி என்றால், அடுத்து எல்லோரும் சொல்வது நோட்டுச் சோதனை. பத்து ரூபாய் நோட்டை விளிம்பில் வைத்து மூடியை மூடி இழுத்துப் பார்ப்பது. இன்னொன்று டார்ச்சைப் போட்டு உள்ளே வைத்து மூடிவிட்டு, விளக்கை அணைத்து, வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று பார்ப்பது. இரண்டையும் செய்யுங்கள், ஆனால் இரண்டையும் முழுதாக நம்பாதீர்கள். நோட்டு சுலபமாக வழுக்கி வந்தாலும் உள்விளிம்பு நன்றாக இறுகியிருக்கலாம். வெளிச்சம் நேர்க்கோட்டில்தான் போகும், காற்று வளைந்தும் போகும், ஆகவே வெளிச்சம் தெரியவில்லை என்பதால் கசிவே இல்லை என்று ஆகிவிடாது. இந்தச் சோதனைகளின் உண்மையான பயன் வேறு: முன்பக்கம் தளர்வா, பின்பக்கமா, ஒரு மூலை மட்டுமா என்று காட்டிக்கொடுக்கும். அது கீலைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

தீர்ப்புச் சொல்வது மூன்றாவது சோதனை. பெட்டியைக் காலி செய்து, உள்ளே ஒரு பையும் மீட்டரும் மட்டும் வைத்து, மூடி சேரும் கோட்டைச் சுற்றி, பின்பக்கக் கீல் உட்பட, பேப்பர் டேப்பால் ஒட்டிவிடுங்கள். மரத்துப் பாலிஷை உரிக்காத, மென்மையான பசை உள்ள டேப்பாக இருக்கட்டும். நாலைந்து நாள் விடுங்கள். டேப்பு ஒட்டியிருக்கும்போது ஈரப்பதம் நிலையாக நின்று, எடுத்ததும் மாறினால் குற்றவாளி மூடிதான். ஒட்டியும் மாறிக்கொண்டே இருந்தால் மூடியை விட்டுவிடுங்கள், கசிவு வேறிடத்தில். வேறிடம் என்றால் பெரும்பாலும் இரண்டு: மேலே கண்ணாடி பதித்த மூடி என்றால் கண்ணாடி ஓரம், முன்பக்கம் மீட்டர் பதித்த பெட்டி என்றால் அந்த வட்டத் துளை. பார்க்க அழகாக இருக்கிறது என்று நாம் காசு கொடுத்து வாங்கும் இந்த இரண்டும்தான் மலிவுப் பெட்டிகளில் அதிகம் கசியும்.

இப்போது வழிகளுக்கு வருவோம்.

பெட்டி புதிது என்றால் முதல் வழி ஒன்றுமே செய்யாமல் மரத்துக்கு ஈரம் ஏற்றுவது. அதற்கென்றே 84 சதவீதப் பைகள் வருகின்றன, உள்ளே வைத்து மூடி 14 நாள் திறக்காமல் விட வேண்டும். கிடைக்கவில்லையா, ஒரு சின்னக் கிண்ணத்தில் டிஸ்டில்ட் வாட்டர் வைத்து மூடினாலும் ஆகும். ஈரத்துணியால் உள்ளே துடைக்கச் சொல்லும் பழைய முறை இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஒரே பக்கம் சட்டென்று நனைந்த மெல்லிய பலகை வளைந்துகொள்ள வாய்ப்பு உண்டு, வளைந்த உள்விளிம்பைத் திரும்ப நேராக்குவது பெரிய பாடு. இரண்டு வாரத்தில் உள்விளிம்பு உப்பி மூடி இறுகிவிட்டால் செலவு ஒரு பை விலையோடு முடிந்தது. மழைக்காலத்தில் ஏசி இல்லாத அறையில் இருக்கும் பெட்டிக்கு இது தேவையே படாது, வெளிக்காற்றே அந்த வேலையைச் செய்துவிட்டிருக்கும்.

ஈரம் ஏறியும் தளர்வு போகவில்லை என்றால் கீல். மற்ற வழிகளுக்கு முன்னால் இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், இதில் பெட்டிக்கு எதையும் சேர்ப்பதில்லை, பிடிக்காவிட்டால் பழையபடி மாட்டிவிடலாம். நோட்டை வைத்துப் பார்த்தபோது பின்பக்கம் பிடித்து முன்பக்கம் வழுக்கியதா? அப்படியென்றால் கீல் மரத்துக்குள் அதிக ஆழம் இறங்கியிருக்கிறது, பின்பக்கம் முதலில் முட்டிக்கொண்டு முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்துகிறது. கீலைக் கழற்றி, அந்தப் பள்ளத்தின் அளவுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்து, திரும்ப முடுக்கிப் பாருங்கள். அட்டையின் கனம் கால் மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும், ஆனால் கீல் பக்கம் அவ்வளவு உயர்ந்தாலே முன்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற அளவு இறங்கிப் படியும். போதவில்லை என்றால் இன்னொரு துண்டு. நேர்மாறாக, முன்பக்கம் படிந்து பின்பக்கம் இடைவெளி தெரிந்தால் கீல் துருத்திக்கொண்டிருக்கிறது, பள்ளத்தை உளியால் ஒரு சீவல் இறக்க வேண்டும். கைப்பழக்கம் இல்லாதவர்கள் இதை ஆசாரியிடம் விட்டுவிடுவது நல்லது, அவருக்குப் பத்து நிமிட வேலை.

இன்னொரு சாதாரணக் கோளாறு, திருகு பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருப்பது. பல்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்துத் துளைக்குள் நெருக்கிச் செருகி, வெளியே நிற்பதை ஒடித்துவிட்டு, மறுநாள் திருகை முடுக்கினால் புதுத் துளை மாதிரி பிடிக்கும். கையால் முடுக்குங்கள், டிரில் மெஷின் வேண்டாம். இந்தப் பித்தளைத் திருகுகளின் தலை மென்மையானது, ஒரு தடவை வழித்துவிட்டால் கழற்றுவது ஒரு தனிப் போராட்டம்.

ஒரு மூலை மட்டும் தூக்கியிருந்தால் மூடி முறுக்கிக்கொண்டிருக்கலாம். மூடியைக் கழற்றி சமையல் மேடைக் கிரானைட் மேல் கவிழ்த்து வைத்து, மூலைகளை மாற்றி மாற்றி அழுத்திப் பாருங்கள், டக்கு டக்கென்று ஆடினால் முறுக்கல்தான். லேசான முறுக்கல் என்றால் அதே கிரானைட்டில் 120 எண் உப்புத்தாளை ஒட்டி, மூடியின் விளிம்பை அதன்மேல் தேய்த்துச் சமன் செய்யலாம். வெளி பாலிஷ் ஓரத்தில் கொஞ்சம் போகும், அதற்குத் தயாராக இருங்கள். ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் முறுக்கல் என்றால் அந்தப் பெட்டியில் கை வைக்காதீர்கள்.

அடுத்து டேப்பா, சீடர் தாளா என்ற கேள்வி. கீல் சரி, மூடி நேர், ஆனால் உள்விளிம்புக்கும் மூடிக்கும் நடுவே சீராக ஒரு சந்து இருக்கிறது என்றால் அந்தச் சந்தை நிரப்பியாக வேண்டும். பலர் செய்வது கதவு ஜன்னலுக்கு ஒட்டும் ஃபோம் டேப்பை வாங்கி வெளி விளிம்பின் மேல் ஒட்டுவது. இந்த வழி எனக்குப் பிடிக்காது. அந்த டேப்பு பெரும்பாலும் சில மில்லிமீட்டர் கனத்தில் வரும், மூடி அதன்மேல் மிதக்கும், நாலு மூலையிலும் துண்டுகள் சேரும் இடத்தில் புதுச் சந்து விழும், கீல் எப்போதும் இழுபட்டுக்கொண்டே இருக்கும். விரலால் நசுக்கினால் பஞ்சு மாதிரி மூச்சு விடும் ஃபோம் என்றால் காற்றையும் தடுக்காது. அதோடு பசை வாசம் வேறு. சுருட்டு சுற்றியிருக்கும் வாசத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும் பொருள், ரப்பர் பசை வாசத்தை மட்டும் விட்டுவைக்குமா?

டேப்புதான் என்றால் 1 மில்லிமீட்டர் கனத்துக்குள், நசுக்கினால் மூச்சு விடாத ரப்பரோ சிலிக்கானோ ஆன பட்டையாக, வெளி விளிம்பில் அல்லாமல் உள்விளிம்பின் வெளிப்புறச் சுவரில், அதாவது மூடி உரசிக்கொண்டு இறங்கும் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு மூடியைத் திறந்தபடி சில நாள் காற்றாட விட வேண்டும்.

ஆனால் அதே இடத்தில் ஒட்ட இன்னும் நல்ல பொருள் உங்களிடமே இருக்கலாம். சுருட்டுப் பெட்டிகளில் வரிசைகளுக்கு நடுவே வைத்து வரும், அலுமினியக் குழாய்களுக்குள் சுருட்டி வைத்து வரும் மெல்லிய சீடர் தாள்கள். பலர் அதைப் பற்றவைக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுகிறார்கள். அதைச் சேர்த்து வைத்து, கூரான பிளேடால் உள்விளிம்பின் உயரத்துக்குப் பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். மரநார் பட்டையின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் வெட்டும்போதே பிளந்துவிடும். ஒட்டும் முன் எத்தனை அடுக்கு தேவை என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் பேப்பர் டேப்பு: ஓர் அடுக்கு ஒட்டி மூடிப் பாருங்கள், தளர்வா, இன்னோர் அடுக்கு. மூடியை அங்குல உயரத்திலிருந்து விட்டால் தொப்பென்று விழாமல், உள்ளிருக்கும் காற்றின் மேல் தயங்கி, புஸ் என்று இறங்கி உட்கார வேண்டும். அந்தப் பதம் வந்ததும் டேப்பை உரித்துவிட்டு, அதே கனத்துக்குச் சீடர் பட்டையை மரப்பசையால் மெல்லிசாகத் தடவி ஒட்டி, துணிக் கிளிப்பு போட்டு விடுங்கள். பசை முழுதாகக் காய்ந்தபின் இறுக்கமாக இருந்தால் உப்புத்தாளால் இரண்டு இழுப்பு. இதில் உள்ள பெரிய வசதி, ஒட்டியது மரம், பெட்டியோடு சேர்ந்தே உப்பும், சேர்ந்தே சுருங்கும். டேப்புக்கு அது தெரியாது. ஏசியைப் போட்டும் அணைத்தும் வைக்கும் அறையில் பேப்பர் டேப்பு கொஞ்ச நாளில் ஓரம் கிளம்பிவிடும், ஆகவே அதையே நிரந்தரமாக விட்டுவிடாதீர்கள்.

சிலிக்கான் பற்றிக் கொஞ்சம் காரமாகவே சொல்கிறேன். ஒரு கெட்டிக்கார முறை உண்டு: விளிம்பைச் சுற்றி மெல்லிய சிலிக்கான் கோடு இழுத்து, அதன்மேல் சமையலறைப் பிளாஸ்டிக் உறையை விரித்து, மூடியை மெல்ல மூடி ஒரு நாள் விட்டால், அந்தப் பெட்டிக்கென்றே வார்த்த கேஸ்கெட் கிடைக்கும். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் மரத்தில் சிலிக்கான் பட்டால் பட்டதுதான். பிறகு மனம் மாறி உரித்தாலும் மிச்சம் ஒட்டியிருக்கும், அதன்மேல் பசையும் பிடிக்காது, பாலிஷும் பிடிக்காது. கீல், சீடர் என்று மற்ற வழிகளின் கதவை எல்லாம் அது அடைத்துவிடும். அதனால் மூடிக்குச் சிலிக்கான் கடைசி வழி. கண்ணாடி ஓரத்துக்கும் மீட்டர் துளைக்கும் மட்டும் அதுவே முதல் வழி, அங்கே வேறு எதுவும் அவ்வளவு சுத்தமாக அடைக்காது. உள்பக்கமிருந்து கண்ணாடி மரத்தைச் சந்திக்கும் கோட்டில் மெல்லியதாக இழுத்து, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் வழித்துவிடுங்கள். வாங்கும்போது வினிகர் வாசம் அடிக்கும் வகை வேண்டாம், நியூட்ரல் என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். எந்த வகையானாலும் பூசியபின் குறைந்தது ஒரு வாரம் மூடியைத் திறந்தே வையுங்கள், மூக்கை உள்ளே விட்டால் சீடர் வாசம் மட்டும் வர வேண்டும்.

காந்தம், கொக்கி, மூடிமேல் கனமான புத்தகம் இதெல்லாம் ஏற்கெனவே நேராக இருக்கும் மூடியை இன்னும் கொஞ்சம் அழுத்தும், கோணலை நேராக்காது. கண்ணாடி மூடியின் மேல் எதையும் ஏற்றாதீர்கள்.

கசிவோடு குடும்பம் நடத்துவது என்றும் ஒரு வழி இருக்கிறது. லேசான கசிவு, அறை பெரும்பாலும் ஏசியில், வெளியே 55 சொச்சம் என்றால், 65-க்குப் பதில் 69 சதவீதப் பை, 25 சுருட்டுக்கு ஒரு 60 கிராம் பை என்ற வழக்கமான கணக்கோடு ஒன்று கூடுதலாக வைத்தால் நிலை நிற்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மரப்பெட்டி கொஞ்சம் மூச்சு விடத்தான் செய்யும். ஆனால் இரண்டு மூன்று மாதம் வர வேண்டிய பை மூன்று வாரத்தில் கெட்டியாகிவிடுகிறது என்றால் ஒரு வருடத்துக்கு எத்தனை பை என்று பெருக்கிப் பாருங்கள். பெட்டி விலையை அது தாண்டும் இடத்தில் பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

அப்படிப்பட்ட இடத்தில் பிளாஸ்டிக் டப்பாதான் ஜெயிக்கும். நாலு பக்கமும் கிளிப்பும் சிலிக்கான் வளையமும் உள்ள உணவு டப்பா, புதிதாக, மசாலா வாசம் ஏறாதது. உள்ளே கொஞ்சம் சீடர் தாள், ஒரு 65 சதவீதப் பை, வாரம் ஒரு தடவை திறந்து காற்று மாற்றல். பார்க்க ஒன்றும் இருக்காது, மேசை மேல் வைத்துப் பெருமைப்பட முடியாது. ஆனால் கடலோர ஊரில் ஏசி இல்லாத வீட்டில் ஈரப்பதத்தைப் பொறுத்தவரை நடுத்தர விலை மரப்பெட்டி எதுவும் இதன் கிட்டே வராது. அப்பா கொடுத்தது, நண்பர் பரிசளித்தது என்று மரப்பெட்டியின் மேல் பாசம் இருந்தால், இருப்பையெல்லாம் டப்பாவில் வைத்துக்கொண்டு அந்த வாரத்துக்கான நாலைந்து சுருட்டை மட்டும் மரப்பெட்டியில் வையுங்கள், கசிவு ஒரு பொருட்டே இல்லாமல் போய்விடும். பெட்டி நல்ல கனமான மரம், கீல் மட்டும் கோளாறு என்றால் நான் ஆசாரியிடம்தான் போவேன். மெல்லிய அட்டை மரத்தில் கண்ணாடி பதித்து வந்த பெட்டி, மூடியும் முறுக்கியிருக்கிறது என்றால் அதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க மாட்டேன், பேனா போட்டு வைக்கலாம்.

ஒரு விஷயத்தை மூடி தீர்க்காது: சூடு. 25 டிகிரிக்கு மேல், ஈரமும் கூடிவிட்டால், இலைக்குள் இருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிக்க ஆரம்பிக்கும், சுருட்டில் குண்டூசி குத்திய மாதிரி துளை தெரியும்போது காலம் கடந்திருக்கும். சித்திரை வைகாசியில் 33, 34 டிகிரி இருக்கும் அறையில் எவ்வளவு இறுகிய மூடியும் இதைத் தடுக்காது. அந்த இரண்டு மூன்று மாதம் டப்பாவோ பெட்டியோ வீட்டிலேயே குளுமையான அறைக்கு, ஜன்னலிலிருந்தும் ஃபிரிட்ஜின் பின்பக்கச் சூட்டிலிருந்தும் தள்ளி, இடம் மாறட்டும். நிறைய வைத்திருப்பவர்கள் சின்ன வைன் கூலர் பக்கம் போவது இதனால்தான்.

வேலை முடிந்ததும் அவசரப்பட்டுச் சுருட்டை உள்ளே அடுக்காதீர்கள். பையும் மீட்டரும் மட்டும் வைத்து ஒரு வாரம் மூடி வையுங்கள். காலையிலும் இரவிலும் பார்க்கும்போது இரண்டு புள்ளிக்கு மேல் ஆடாமல் நின்றால் அடுக்கலாம். ஏசி அறை என்றால் அது ஓடும்போது ஒரு தடவை, அணைத்துச் சில மணி நேரம் கழித்து ஒரு தடவை பாருங்கள், கசிவு மிச்சம் இருந்தால் அந்த இரண்டு எண்ணுக்கும் நடுவேதான் தெரியும்.